அட்டமி நவமியில் புறப்படுவோம்

மார்ச் பள்ளி விடுமுறையில் புலாவ் உபினில் கூடாரம் போட்டுத் தங்கவிருக்கும் நம் ஐந்து குடும்பங்களுக்கும்,

கூடாரம் யார் யாரிடம் இருக்கிறது, தூண்டில் எத்தனை, மீனுக்கு மசாலா யார் அரைப்பது என்பதெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. நாள்தான் இன்னும் முடிவாகவில்லை. சனி ஞாயிறு என்கிறார்கள் சிலர். வார நாளில் கூட்டம் குறையும் என்கிறார்கள் வேறு சிலர். கிழமையை விட்டுவிட்டுத் திதியைப் பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். விடுமுறையில் அட்டமியும் நவமியும் எப்போது வருகின்றனவோ அப்போது போவோம்.

வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள் என்பது தெரியும். அட்டமி நவமியில் பயணம் தொடங்குவதில்லை என்று கேட்டுத்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். அந்த நம்பிக்கையை மீறச் சொல்லவில்லை. அதற்கு நம் முன்னோர்களே வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நாளில் மூட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பரஸ்தானம் செய்துவிட்டால் பயணம் அன்றே தொடங்கியதாகக் கணக்கு. சப்தமியன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பை என் வீட்டுக்கு வந்துவிடட்டும். நாள் பார்க்கும் அத்தைக்கும் மனநிறைவு, நமக்கும் வேண்டிய நாள் கிடைக்கும்.

ஏன் அந்த நாள்தான் வேண்டும்? அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. அந்த நாட்களில் சிங்கப்பூரைச் சுற்றிய கடலில் நீர் ஏறி இறங்கும் உயரம் 3 மீட்டர் வரை போகும். ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் அத்தனை நீரும் ஜொகூர் நீரிணையின் குறுகலான கால்வாய்கள் வழியே வந்து திரும்பியாக வேண்டும். அட்டமியில் சூரியனும் சந்திரனும் செங்கோணத்தில் நிற்பதால் இழுவை ஒன்றையொன்று தணிக்கிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய பாதியாகக் குறையும், ஓட்டமும் தளரும். கடலில் இதன் முழுப் பலன் தெரிய ஓரிரு நாள் பிந்தும். நவமியும் தசமியும்தான் இருப்பதிலேயே அடக்கமான நாட்கள்.

பெரியவர் ஒருவரும் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றும் சேர்ந்து துடுப்புப் போட்டால் கயாக் மணிக்கு 4 கிலோமீட்டர் போவதே பெரிது. எதிரே ஓட்டம் 3 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், நெருங்கவே நெருங்காது. பிள்ளை முதலில் களைக்கும், பிறகு பயப்படும், அதற்குப் பிறகு வாழ்நாளுக்கும் கயாக்கில் ஏறாது. நம் பயணத்தை முடிவு செய்ய வேண்டியவள் நம்மில் ஆகச் சின்னவள். நாள், வழி, நேரம் மூன்றும் அவளால் முடிகிற அளவில் அமைய வேண்டும். இதை நான் பிடிவாதமாகவே சொல்கிறேன்.

தூண்டில்காரத் தம்பிகளுக்குக் குறை இருக்கும். ஓட்டம் இருந்தால்தான் கொடுவா இரையெடுக்கும், செத்த நீரில் உட்கார்ந்து என்ன செய்வது என்பீர்கள். நியாயம்தான். ஏற்றநீர் கண்டல் வேர்களுக்குள் புகுந்து திரும்பும்போது சிற்றிறாலும் குஞ்சுமீனும் வாய்க்கால் முகத்துக்கு அடித்து வரப்படும், அங்கேதான் கொடுவா காத்திருக்கும். ஓட்டம் குறைந்தால் கடியும் குறையும். இந்த முறை அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பௌர்ணமி ஓட்டத்துக்கு நீங்கள் மட்டும் தனியாக எப்போது வேண்டுமானாலும் போகலாம். பிள்ளைகள் ஒன்பது பேரும் சேர்ந்து வருவது இந்த விடுமுறையில்தான்.

இன்னொரு இழப்பும் உண்டு. உபினிலுள்ள செக் ஜாவாவின் கடற்புல் படுகையும் மணல் திட்டும் நன்றாகத் தெரிய வேண்டுமானால் நீர் மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். அட்டமியில் அவ்வளவு வற்றாது. நடைபாலத்தில் நடந்து அலையாத்திக் காட்டைப் பார்ப்பதோடு திரும்ப வேண்டியிருக்கும். அங்கே தூண்டில் போடக் கூடாது, சிப்பி ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். 2001-ஆம் ஆண்டு அந்த இடத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கவே திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்துக் காட்டிய பிறகு, அவ்வாண்டு டிசம்பரில் அரசு அதை ஒத்திவைத்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தடை ஏன் என்று அவர்களுக்கே புரியும்.

இனி, வழி. சொந்தக் கயாக் வைத்திருப்பவர்கள் கூடாரத்தையும் அதிலேயே கட்டிக்கொண்டு பாசிர் ரிஸ் கரையிலிருந்து நேராகத் துடுப்புப் போட்டு உபினுக்கு வந்துவிடலாம் என்று யோசிக்கிறீர்கள். வேண்டாம். நடுவில் இருப்பது சிராங்கூன் துறைமுக நீர்ப்பரப்பு. இழுவைப் படகு நீளமான கயிற்றில் தெப்பத்தை இழுத்துக்கொண்டு அங்கே போகும். முன்னால் போகும் படகைப் பார்த்து ஒதுங்கி, அது கடந்ததும் நடுவில் நுழைந்தால் பின்னால் வரும் தெப்பம் நம்மேல் ஏறும். அந்தப் படகுக்காரர் நினைத்தாலும் உடனே நிறுத்த முடியாது. எல்லாரும் சாங்கியில் பம்போட் ஏறுவோம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு. கயாக்கை உபினிலேயே வாடகைக்கு எடுப்போம். வழிகாட்டியோடு தரும் நிறுவனங்கள் அங்கே உண்டு. தூண்டில் கொண்டுவர அனுமதி உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுகிறேன். இடம் தெரிந்த வழிகாட்டி ஒருவர் கூட வருவது நம்மில் யாருடைய அனுபவத்தையும்விட மதிப்பு வாய்ந்தது.

தங்குவதற்கு மாமாம் கடற்கரை அழகானது என்று அக்கா சொன்னார். அழகானதுதான். ஆனால் அது வடகரை, எதிரே ஜொகூர். கடல் எல்லை அந்தக் குறுகிய நீரில்தான் ஓடுகிறது. தெரியாமல் எல்லை தாண்டினாலும் குற்றம் குற்றமே. கடலோரக் காவல் படையின் படகு வந்து விசாரிக்கும் நிலையில் பிள்ளைகளோடு நிற்க வேண்டாம். கைப்பேசியும் அங்கே மலேசியச் சேவைக்குத் தாவிவிடும். ஜெலுத்தோங் முகாமிடம் படகுத்துறைக்குப் பக்கம், நடந்தே போகலாம். கேத்தாம் தீவுக்கும் உபினுக்கும் நடுவிலுள்ள கால்வாயும் அதன் ஓரத்துக் கண்டல் வாய்க்கால்களும் எட்டும் தூரம். இடி இடித்தால் ஓடிப்போய் ஒதுங்கக் கடைத்தெருவும் அருகில் இருக்கிறது. ஜெலுத்தோங்கைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்தக் கடைசிக் காரணமே போதும். முகாமிடம் அந்த வாரம் திறந்திருக்கிறதா என்று தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வோம். தீவில் இறங்கியதும் முதல் வேலை, காவல் நிலையத்தில் நம் பெயர்களையும் தங்கும் இடத்தையும் சொல்லிவைப்பது.

இடியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். உலகத்திலேயே மின்னல் மிகுந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இங்கே இடி கேட்கிறது. ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் அது உச்சம். மார்ச் நடுப்பகுதி ஒப்பீட்டளவில் நல்ல காலம். வடகிழக்குப் பருவக்காற்றின் மழைப் பகுதி கழிந்திருக்கும், சுமத்ரா காற்றுகள் இன்னும் தொடங்கியிருக்காது. ஜூன் விடுமுறைக்குத் தள்ளிப்போடலாம் என்ற யோசனையை நான் எதிர்ப்பது அதனால்தான். சுமத்ரா காற்று மலாக்கா நீரிணைக்கு மேலே திரண்டு, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் நம்மேல் இறங்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்கு நம் துணிக் கூடாரங்கள் தாங்காது.

மார்ச்சிலும் பிற்பகல் மழை வரும். ஆகவே முதல் இடி காதில் விழுந்த கணமே எல்லாக் கயாக்குகளும் கரைக்குத் திரும்ப வேண்டும். தூண்டிலில் மீன் மாட்டியிருந்தாலும் தங்கூசியை அறுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் தண்ணீருக்குப் போகக் கூடாது. மின்னலிலிருந்து கூடாரம் யாரையும் காக்காது, கட்டடத்துக்குள் போக வேண்டும். கூடாரத்தைத் தென்னை மரத்தடியிலோ காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியிலோ போடாதீர்கள்.

கயாக்கில் இருக்கும்வரை உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்கும், வாரெல்லாம் மாட்டி. நன்றாக நீந்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி முகவாயைத் தாண்டி ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. இதைத் தீவில் போய்ப் பார்த்தால் நேரம் கடந்துவிடும். பயணத்துக்கு முந்தைய ஞாயிறுகளில் ஒன்றில் பிடோக் நீர்த்தேக்கத்தில் எல்லாரும் கூடுவோம். இரட்டைக் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, பிள்ளையை முதலில் ஏற்றி, பிறகு பெரியவர் ஏறிப் பழக வேண்டும். கவிழ்வதை ஒரு தரம் சிரித்துக்கொண்டே அனுபவித்த பிள்ளை, கடலில் கவிழ்ந்தால் அலறாது. அன்றைக்கு வராதவர்கள் உபினில் கரையிலிருந்து தூண்டில் போடட்டும். யாரையும் ஒதுக்குவதற்காகச் சொல்லவில்லை, அக்கறையில் சொல்கிறேன்.

மீன்பிடிப்புக்கு வருகிறேன். ஒரு கயாக்குக்கு ஒரே தூண்டில், அதைப் பிள்ளை பிடிக்கட்டும். பெரியவர் துடுப்பை மட்டும் கவனிக்கட்டும். நங்கூரம் வேண்டாம். ஓட்டத்தில் கயிறு பக்கவாட்டில் இழுத்தால் நொடியில் கவிழும். மீன் பண்ணைகளின் கயிற்றிலும் கட்ட வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு. உயிர் இறாலைத் தக்கைக்குக் கீழே விட்டு, கண்டல் ஓரமாக மிதக்கவிட்டால் போதும். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பதும் எளிது, பிள்ளையின் விரலில் ஏறினால் எடுப்பதும் எளிது.

கெளுத்தியோ திருக்கையோ ஏறினால் கயாக்குக்குள் கொண்டுவர வேண்டாம். பக்கத்திலேயே வைத்துத் தங்கூசியை அறுங்கள். இரண்டுக்கும் முள்ளில் நஞ்சு உண்டு. ஆழமில்லாத இடத்தில் இறங்கி நடப்பவர்கள் தடித்த காலணியோடு, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரைமணி நேரத்துக்குமேல் முக்கி வைத்தால் வலி தணியும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். அதற்காகவே முகாமில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் இருக்கட்டும்.

எந்த மீனை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கொடுவா ஆணாகத்தான் முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, நன்றாக வளர்ந்த பிறகே பெண்ணாக மாறுகிறது. ஆகப் பெரிய கொடுவாக்கள் அநேகமாக எல்லாமே முட்டையிடும் தாய்கள். படம் எடுத்துப் பெருமைப்பட நாம் தேடுவது அந்தப் பெரிய மீனையே. களவாயில் இது தலைகீழ். பெண்ணாக முதிர்ந்து, பெரிதானபின் ஆணாகும். எந்த முனையில் அள்ளினாலும் இனப்பெருக்கம் அடிபடும். நம் பயணத்துக்கு ஒரு விதி வைப்போம். இரண்டரைச் சாணுக்குக் குறைந்த கொடுவாவையும் நான்கு சாணைத் தாண்டிய கொடுவாவையும் விட்டுவிடுவோம். களவா எதையும் எடுக்க வேண்டாம். எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து நாளுக்கு இரண்டு மீன், அதற்குமேல் விட்டுவிடுவோம். துடுப்பில் நாடா ஒட்டி இரண்டரைச் சாணையும் நான்கு சாணையும் குறித்து வைத்தால் பிள்ளைகளே அளந்து சொல்வார்கள். பெரிய மீனைத் தன் கையால் திருப்பி விட்ட பிள்ளை கடலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும் என்று நம்புகிறேன்.

மீனை நம்பிச் சாப்பாட்டுத் திட்டம் போடக் கூடாது. முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. புளியோதரை கெடாது, வேலையும் இல்லை. இரண்டாம் நாள் சோறும் பருப்பும், மீன் கிடைத்தால் பொரியல், கிடைக்காவிட்டால் கருவாட்டுத் தொக்கு. பாட்டிக்கும் இன்னும் இருவருக்கும் மீன் ஆகாது, அவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் தனியே. எரிவாயு அடுப்பு மட்டும் போதும், தரையில் தீ மூட்ட வேண்டாம். குடிநீரைச் சாங்கியிலிருந்தே கொண்டுபோக வேண்டும். தீவில் கழிப்பறைக் குழாயில் வருவதைக் குடிக்க முடியாது. ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நம் இருபது பேருக்கு நாளைக்கு 80 லிட்டர். அதைத் தூக்க வேண்டியவர்கள் ஆண்கள்தாம் என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

அடுப்பைப் பற்றி இன்னொன்று. நம் வெளியூர்க் கூடல்களில் ஆண்களும் பையன்களும் தண்ணீரில் இருப்பார்கள், அக்காக்களும் அண்ணிகளும் அடுப்படியில் நிற்பார்கள். இந்தப் பயணத்தில் அது நடக்கவே கூடாது. கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து நாளை இரண்டாகப் பிரிப்போம். காலை ஏற்றத்தில் கயாக்கில் போனவர்கள் நண்பகலில் சமைப்பார்கள். காலையில் சமைத்தவர்கள் மாலையில் கயாக்கில் போவார்கள். இரண்டு அணியிலும் ஆண், பெண், பிள்ளை கலந்து இருக்க வேண்டும். நீந்தத் தெரியாது என்று தயங்கும் அண்ணிக்குச் சொல்கிறேன்: வழிகாட்டியின் இரட்டைக் கயாக்கில் முன் இருக்கை உங்களுக்குத்தான். பிடோக் ஒத்திகைக்கு மட்டும் வந்துவிடுங்கள்.

நண்பகல் வெயிலில் யாரும் தண்ணீரில் இருக்க வேண்டாம். பெரியவர்களும் பிள்ளைகளும் பழைய கற்சுரங்கக் குளங்கள் வரை நடந்து வரலாம், இறங்காமல் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். உபின் கருங்கல்லில்தான் பெட்ரா பிராங்காவின் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851-இல் கட்டி முடிக்கப்பட்டது. தீவின் கடைசிச் சுரங்கம் 1999-இல் மூடியது. மரங்களை அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் இருவாச்சி தென்படும். பல்லாண்டுகள் சிங்கப்பூரில் இல்லாமல் போயிருந்த அந்தப் பறவை 1994-இல் உபினில் மறுபடி காணப்பட்டது.

இரவில் கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட இருக்கக் கூடாது. காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரும், பகலில் குரங்கு பையின் ஜிப்பையே திறக்கும். உணவெல்லாம் மூடி இறுகிய பெட்டிகளில், கூடாரத்துக்குத் தள்ளி இருக்கட்டும். பரிதாபப்பட்டு எதுவும் போட வேண்டாம். விலங்குகளுக்கு உணவூட்டினால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு, மனிதரிடம் உணவு கேட்டுப் பழகிய பன்றிக்குப் பின்னால் நேரும் கதி அதைவிடக் கொடியது. மாலை ஏழரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஆளுக்கு ஒரு தலைவிளக்கு வேண்டும். கொசுவுக்கும் மணல் ஈக்கும் முழுக்கை, முழுக்கால் சட்டை. குப்பை எல்லாம் நம்மோடு சாங்கிக்குத் திரும்பும். வாய்க்கால்களில் கைவிட்ட வலையோ தங்கூசியோ கண்டால் அதையும் வெட்டி எடுத்து வருவோம். அலையாத்திகளில் கிடக்கும் பழைய வலைகளில் குதிரைலாட நண்டுகள் சிக்கியே சாகின்றன.

வரும் வெள்ளிக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று விவரம் வேண்டும்: யார் யார் வருகிறீர்கள், பிள்ளைகளின் எடை எவ்வளவு, யாருக்கு என்ன மருந்து, ஒவ்வாமை. எடை கேட்பது அங்கி அளவுக்காக. நாள் பற்றி அத்தையிடம் நானே நேரில் வந்து பேசுகிறேன். தேதி உறுதியானதும் வழிகாட்டிக்கு முன்பணம் கட்டிவிடுவேன். பிடோக் ஒத்திகை காலை எட்டு மணிக்கு, மாற்றுடை கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்